வீடியோ பார்த்தால் கை பழகுமா?

இணையவழிப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்கள், தொழிற்கூடப் பயிற்சியாளர்கள், பெற்றோர் எனக் கொங்குப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளில் ஏழுக்கு இந்த இதழில் பதில். கற்றல் கோட்பாடுகளைப் பற்றி நேரடியாகக் கேட்டவர் ஒருவர்தான். மற்ற ஆறு பேரும் கேட்டிருப்பதும் அதைத்தான்.

எங்கள் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக ஓவர்லாக் மெஷின் பற்றி 45 நிமிட வீடியோ எடுத்து வைத்திருக்கிறோமுங்க. பாகங்கள், நூல் கோர்ப்பது, டென்ஷன் (நூலின் இறுக்கம்), ஊசி மாற்றுவது, துடைத்து எண்ணெய் விடுவது எல்லாம் அதில் இருக்கிறது. முழுசாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். மெஷின் முன்னால் போனால் கை ஓடமாட்டேன் என்கிறது. பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். எங்கே தப்பு?
பயிற்சிப் பொறுப்பாளர், திருப்பூர்

அந்த 45 நிமிடத்தில்தான் தப்பு தொடங்குகிறது. புதிதாகப் பார்ப்பதையும் கேட்பதையும் மனம் சற்று நேரம் ஏந்தி வைத்துக்கொள்ளும் இடத்துக்குச் செயல் நினைவு என்று பெயர். அது மிகச் சின்ன ஏனம். ஒரு நேரத்தில் ஏழு சேதி, இரண்டு கூடலாம் குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்கு என்று சுருக்கினார். நான்கு நூல் ஓவர்லாக்கை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஊசி, ஊசி நூலோடு தன் நூலைப் பின்னும் லூப்பர் என்ற கொக்கி மேலே ஒன்று, கீழே ஒன்று, நான்குக்கும் தனித்தனி நூல் பாதை, தனித்தனி டென்ஷன். பழகிய டெய்லருக்கு இது முழுவதும் ஒரே சேதி: ‘நூல் கோர்க்கணும்’. புதியவருக்கு ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு கொக்கியும் ஒரு சேதி. ஐந்தாவது நிமிடத்தில் ஏனம் நிறைந்துவிட்டது. பிறகு ஊற்றியதெல்லாம் வழிந்துபோனது. ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. பாடத்தைத் தயாரிப்பவர் முதலில் செய்ய வேண்டியது தேவையில்லாத சுமையை இறக்குவது.

நூல் கோர்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கே நான்கு வீடியோ வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். மேல் லூப்பர், கீழ் லூப்பர், ஊசிகள் என்ற வரிசையில் மூன்று. நான்காவது, வரிசை தப்பினால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கு. ஊசி நூல்கள் ஏற்கெனவே கோர்த்திருக்கும்போது கீழ் லூப்பர் நூலைப் புதிதாகக் கோர்த்தால், அது ஊசி நூலுக்குள் மாட்டிக்கொண்டு சில தையலிலேயே அறுந்துவிடும். ஊசி நூலை வெளியே எடுத்துவிட்டு, லூப்பரைக் கோர்த்து, கடைசியில்தான் ஊசி. இந்தக் காரணம் தெரிந்தவர் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பல இடங்களில் பழைய நூலோடு புது நூல் கோனின் நுனியை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுவதால், நூல் அறுந்து நிற்கும் நாள்வரை புதியவருக்குக் கோர்க்கும் வேலையே வருவதில்லை. அது பாடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

எடுக்கும் முறை: கேமரா டெய்லரின் தோளுக்கு மேலிருந்து பார்க்கட்டும். எதிரிலிருந்து எடுத்தால் இடம் வலமாகி, பார்ப்பவர் மனத்துக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கும். நான்கு கோனும் நான்கு நிறம். கை போகும் இடத்தில் ஒரு அம்புக்குறி. பின்னணி இசை வேண்டாம். ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் இதில் நமக்கு நேராக உதவுகின்றன: பேசுவதையே எழுத்திலும் ஓடவிட்டால் கண் எழுத்துக்குப் போய்விடும், கையைப் பார்க்காது. ஆகவே ஒடியாவிலும் இந்தியிலும் தனித்தனிக் குரல் பதிவு செய்யுங்கள். பாகத்தின் பெயரை மட்டும் திரையில் போடுங்கள், கம்பெனியில் எல்லோரும் வாயால் சொல்லும் அதே பெயர்.

வீடியோ ஓடும் இடம் மெஷின் பக்கத்தில் இருக்கட்டும், ஸ்டாண்டில் ஒரு போன் போதும். ஒன்றைப் பார், நிறுத்து, செய், அடுத்தது. முதல் நாள் பயிற்சியாளர் மூன்று நூலைக் கோர்த்து வைத்துவிட்டுக் கடைசி ஊசியை மட்டும் விடுவார். அடுத்த முறை இரண்டு, பிறகு மூன்று, பிறகு நான்கும். முடிந்த வேலையைக் காட்டி, கடைசிப் படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்பவர் கைக்கு மாற்றும் இந்த முறைக்கு ஆய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. கடைசியாக, வேண்டுமென்றே கோளாறு வையுங்கள். மேல் லூப்பர் டென்ஷனைத் தளர்த்தினால் அதன் நிற நூல் துணியின் அடிப்பக்கம் வழியும். எந்த நிறம் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து எந்தத் திருகு என்று சொல்லத் தெரிந்தவரை லைனுக்கு அனுப்பலாம். வேஸ்ட் துணியில் ஒரு சாண் தையல், நான்கு நூலும் அறுத்துவிட்டு மீண்டும் கோர்த்து: இதுதான் தேர்வு. ‘வீடியோ 100 சதவீதம் பார்த்தார்’ என்ற பதிவு எதற்கும் சான்றாகாது.

கல்லூரியில் மூடுல் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பத்துக் கேள்வி வினாடி வினா வைக்கிறேன். எல்லோரும் பத்துக்குப் பத்து. மூன்று வாரம் கழித்து இன்டர்னல் தேர்வில் அதே விஷயத்தைக் கேட்டால் முழிக்கிறார்கள். காப்பியடிக்கிறார்களோ?
மின்னியல் துறை விரிவுரையாளர், ஈரோடு

சிலர் அடித்திருக்கலாம். அடிக்காதவரும் மறந்திருப்பார். பாடம் முடிந்த சூட்டில் வைக்கும் தேர்வு, அப்போது நினைவில் இருப்பதைத்தான் அளக்கிறது. மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டினார்.

உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை உங்கள் கேள்விக்கு நேர்பதில். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு பிரிவு அதைத் திரும்பப் படித்தது. மறுபிரிவு புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து 42, 56 என்று தலைகீழானது. தேர்வு என்பது அளவுகோல் மட்டுமில்லை, நினைவிலிருந்து எடுப்பதே கற்றல். அது எளிதாக இருக்கும்போது பலன் குறைவு, கொஞ்சம் மறந்தபின் முயன்று எடுக்கும்போது அதிகம்.

எனவே பத்துக் கேள்வியையும் ஒரே பாடத்திலிருந்து கேட்காதீர்கள். இந்த வாரப் பாடத்தில் ஐந்து, போன வாரத்தில் மூன்று, மூன்று வாரம் முந்தையதில் இரண்டு. எவ்வளவு இடைவெளி என்பதற்குச் செப்பேடாவும் குழுவினரும் 2008-இல் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஒரு வாரத்தில் தேவைப்படுவதற்கு ஓரிரு நாள் இடைவெளி போதும். ஒரு வருடம் நிற்க வேண்டுமானால் சுமார் மூன்று வாரம். மூடுலில் கேள்வி வங்கியைப் பாடவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருபது கேள்வியாவது போட்டு, தற்செயலாக எடுக்கும்படி அமையுங்கள். ஐந்தே கேள்வி உள்ள வங்கியிலிருந்து ஐந்தை எடுத்தால் வரிசை மாறுமே தவிர, விடை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கணக்குகளுக்கு மூடுலில் உள்ள கால்குலேட்டட் (Calculated) கேள்வி வகையைப் பயன்படுத்தினால் ஆளுக்கொரு எண் வரும். சரியான விடை தேர்வு நேரம் முடிந்தபின் தெரியட்டும். மதிப்பெண்ணில் இதன் பங்கு சிறியதாக இருக்கட்டும். பெரிதாக்கினால் காப்பியை நீங்களே அழைக்கிறீர்கள்.

அடுத்தது தவறான விடைகளின் தரம். பம்ப்செட் ஊர்க்காரர்களுக்குப் பழகிய கேள்வி ஒன்று: மோட்டார் வைண்டிங்குகளை ஸ்டார் இணைப்பில் போட்டுக் கிளப்பும்போது லைனில் இழுக்கும் கரண்ட், நேரடியாக டெல்டா இணைப்பில் இழுப்பதில் எத்தனை பங்கு? விடை மூன்றில் ஒன்று. தவறான விடைகளில் ‘ஒன்றின் கீழ் ரூட் மூன்று’ கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தவர் வைண்டிங்குக்குப் போகும் வோல்டேஜ் குறைவதைக் கணக்கில் எடுத்துவிட்டார், டெல்டாவில் லைன் கரண்ட், ஒரு வைண்டிங்குக்குள் ஓடும் ஃபேஸ் கரண்டைப்போல ரூட் மூன்று மடங்கு என்பதை விட்டுவிட்டார். அவருக்குத் திரையில் வர வேண்டிய வாசகம் ‘தவறு’ என்பதில்லை. ‘டெல்டா பக்கத்து லைன் கரண்டை மறுபடி கணக்கிடுங்கள்’ என்பது. மாணவர்களின் பழைய விடைத்தாள்களை ஒரு மணி நேரம் புரட்டினாலே இப்படி உண்மையான தவறுகள் கிடைக்கும். வாய்க்கு வந்த மூன்று தவறான விடைகளைப் போட்டு நிரப்பும் கேள்வி, ஆசிரியருக்கும் ஒன்றும் சொல்லாது.

என் மகன் ‘பார்த்துக் கற்கும் வகை’ என்று ஒரு செயலி சோதித்துச் சொன்னது. அந்த வகைக்கேற்ற பாடத்துக்கு வருடச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமுங்களா?
ஒரு தாய், பொள்ளாச்சி

அந்தக் காரணத்துக்காகக் கட்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு விருப்பம் வேறுபடலாம். ஆனால் விருப்பத்துக்கேற்பப் பாடம் நடத்தினால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் ஆராய்ந்து சொன்னார்கள். பாட்டு ராகத்தைக் காதால்தான் கற்க முடியும், வரைபடத்தைக் கண்ணால்தான். பாடம்தான் வழியைத் தீர்மானிக்கிறது. அந்தச் செயலியில் பிள்ளை பதிலைத் தானே எழுத வேண்டியிருக்கிறதா, தவறுக்குக் காரணம் சொல்கிறதா, பழையதைத் திரும்பக் கேட்கிறதா என்று மூன்றையும் இலவச நாட்களில் பாருங்கள்.

பி.எட். படித்தபோது நடத்தைக் கொள்கை, அறிதல் கொள்கை, கட்டமைப்புக் கொள்கை என்று தனித்தனியாகப் படித்தோம். இப்போது எட்டாம் வகுப்புக் கணக்குக்கு இணையப் பாடம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கொள்கைப்படி தயாரிப்பது?
அரசுப் பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

ஒரே பாடத்துக்குள் மூன்றுக்கும் வேலை உண்டு, எது எப்போது என்பதில்தான் கவனம் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த தோட்டக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஏக்கர் 100 சென்ட், 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இது யோசித்துக் கண்டுபிடிக்கும் விஷயமில்லை, நாக்கு நுனியில் இருக்க வேண்டியது. இங்கே நடத்தைக் கொள்கைக்காரரான ஸ்கின்னர் உதவுவார். 1950-களில் அவர் கற்பிக்கும் இயந்திரம் செய்தபோது வைத்துக்கொண்ட விதிகள் இன்றும் செல்லும்: சின்னச் சின்னப் படி, ஒவ்வொரு படியிலும் மாணவர் பதில், உடனே சரியா தவறா, அவரவர் வேகம்.

அடுத்து, 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு எத்தனை தென்னை? ஒரு மரத்துக்கு 625 சதுர அடி, 43,560-ஐ அதால் வகுத்தால் 69.7, ஏறத்தாழ 70 மரம். இது அறிதல் கொள்கையின் இடம். இதை முழுதாகச் செய்து காட்டுங்கள். அடுத்த கணக்கில் கடைசி வரியை அவர்கள் எழுதட்டும். அதற்கடுத்ததில் இரண்டு வரி. புதிதாகக் கற்பவருக்கு ‘நீயே கண்டுபிடி’ என்று விடுவது செயல் நினைவை நிரப்பிவிடும். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் 2006-இல் எழுதிய கட்டுரையின் வாதம் இதுவே. அதேசமயம் நன்கு தெரிந்த மாணவருக்கு முழு விளக்கம் இடைஞ்சலாகும். ஆகவே முதலில் இரண்டு கணக்கு கொடுத்து, சரியாகச் செய்தவரை நேராக அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் வழி ஒன்றைப் பாடத்தில் வையுங்கள்.

இவையெல்லாம் கைவந்த பிறகு, கட்டமைப்புக் கொள்கைக்கேற்ற திறந்த வேலை: 62 சென்ட் முக்கோணத் தோட்டம். வகுத்தால் 43 மரம் வரும். கட்டத்தாளில் வரைந்து புள்ளி வைத்தால் பெரும்பாலும் அந்த எண் வராது. ஏன்? வரப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நடுவது, சாய்ந்த ஓரத்தில் வீணாகும் இடம் எவ்வளவு என்று பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதாடட்டும். வீகோட்ஸ்கி சொன்ன, தனியாக முடியாதது துணையோடு முடியும் அந்த எல்லை இங்கேதான் இருக்கிறது. துணைக்குறிப்புகளை மூன்று படியாக எழுதுங்கள். முதலாவது கேள்வியாக: ‘ஓரத்து மரங்களுக்கு முழு 625 சதுர அடி கிடைக்கிறதா?’ இரண்டாவது படமாக. விடை மூன்றாவதில்தான். பல செயலிகளில் முதல் குறிப்பிலேயே விடை வந்துவிடுகிறது. பிள்ளைகள் அதை அழுத்தி அழுத்தி மேலே போய்விடுகிறார்கள்.

நாங்கள் உருவாக்கும் கற்றல் தளத்தில் புள்ளி, பதக்கம், தரவரிசைப் பட்டியல் எல்லாம் வைக்கச் சொல்கிறார் வாடிக்கையாளர். பயன்படுமா?
மென்பொருள் வடிவமைப்பாளர், கோவை

லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வை அவரிடம் சொல்லுங்கள். படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, பிறகு கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசே இல்லாத வேளையில் அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைப்போல ஏறத்தாழ பாதிதான். ஆசையாகச் செய்ததைக் கூலிக்குச் செய்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது.

புள்ளியே கூடாது என்றில்லை. பெருக்கல் வாய்ப்பாடு போன்ற சலிப்பான பயிற்சிக்குக் கொஞ்சம் உதவும். தரவரிசையைத்தான் எடுக்கச் சொல்வோம். நாற்பது பேரில் முதல் ஐந்து பேருக்கு அது ஊக்கம், கடைசி இருபது பேருக்கு மூன்றாம் நாளே விலகக் காரணம். அதற்குப் பதில் அவரவர் போன வாரத்தோடு ஒப்பிடும் கோடு ஒன்று வரையுங்கள். எதற்குப் புள்ளி என்பதையும் பாருங்கள். வீடியோவைத் திறந்ததற்குப் புள்ளி கொடுத்தால் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். தவறிய கேள்வியை மூன்று நாள் கழித்துச் சரியாகச் செய்ததற்குக் கொடுங்கள்.

கோழிப்பண்ணை மேற்பார்வையாளர்களுக்கு ஆறு வார இணைய வகுப்பு நடத்துகிறோமுங்க. அறுபது பேர் சேர்ந்தால் மூன்றாவது வாரம் பத்துப் பேர். கலந்துரையாடல் பகுதியில் ‘நன்றி’, ‘சூப்பர்’ தவிர எதுவும் வருவதில்லை.
பயிற்சி ஒருங்கிணைப்பாளர், நாமக்கல்

‘உங்கள் கருத்தைப் பகிருங்கள்’ என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு நன்றிதான் வரும். வளர்ந்தவர்கள் தங்கள் வேலையில் இன்றைக்கு இருக்கும் சிக்கலுக்காகவே கற்க வருகிறார்கள் என்று வளர்ந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தினார். அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் கணக்கைக் கேளுங்கள். உதாரணமாக: ‘நேற்று உங்கள் கொட்டகையில் எத்தனை கோழி, எத்தனை கிலோ தீவனம், எத்தனை முட்டை?’ 1,000 கோழி, 110 கிலோ தீவனம், 850 முட்டை என்றால் ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 129 கிராம். பக்கத்துப் பண்ணையில் 140 என்று ஒருவர் எழுதினால், தீவனம் சிந்துகிறதா, கோழியின் வயதா, வெயிலா என்று பேச்சு தானாகக் கிளம்பும். எண்ணை வெளியில் சொல்லத் தயங்குவார்கள் என்றால், முட்டைக்கு எத்தனை கிராம் என்பதை மட்டும் பண்ணைப் பெயரில்லாமல் பட்டியலிடுங்கள்.

கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் 2000-இல் சொன்ன மாதிரியில் இணைய வகுப்புக்கு மூன்று இருப்பு வேண்டும்: சிந்தனை, சக மாணவர், ஆசிரியர். உங்களிடம் இல்லாதது மூன்றாவது என்று ஊகிக்கிறோம். அறுபது பேரை நான்காகப் பிரித்துப் பதினைந்து பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள ஒருவர். கேட்ட கேள்விக்கு ஒரு நாளுக்குள் பதில். வாரக் கடைசியில் ‘இந்த வாரம் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினார்கள், அந்த இடம் இதுதான்’ என்று இரண்டு நிமிடக் குரல் பதிவு. முதல் வாரத்திலேயே ஒரு வேலையையும் அனுப்பாதவருக்குப் போன் பண்ணுங்கள். மூன்றாவது வாரம் கூப்பிட்டால் அவர் மனத்தளவில் போயே போய்விட்டிருப்பார்.

மலைமேல் எங்கள் பிள்ளைகளுக்குச் சிக்னல் இரண்டு கோடு வந்தால் பெரிசு. வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேறு வழி உண்டுங்களா?
ஆசிரியர், தாளவாடி

உண்டு, தரமும் குறையாது. ஐந்து நிமிட வீடியோ விநாடிக்கு 500 கிலோபிட் என்றால் 18.75 எம்பி. அதே ஐந்து நிமிடக் குரல் 32 கிலோபிட்டில் 1.2 எம்பி. அதனுடன் 100 கேபி அளவில் ஆறு படம் சேர்த்தாலும் இரண்டு எம்பிக்குள் அடங்கும். படத்தோடு பேச்சு என்பது மேயரின் ஆய்வுகளில் நன்றாகத் தேறிய கூட்டணி. மின்னல், பம்ப், வால்வு போன்றவை எப்படி இயங்குகின்றன என்று விளக்குவதற்கு வரிசையான நிலைப்படங்கள் பல நேரம் அசையும் படத்துக்குச் சமமாகவே வேலை செய்கின்றன. கை அசைவைக் கற்க வேண்டிய பாடத்தில்தான் அசையும் படம் மேல். ஆகவே அறிவியல் செய்முறை, தையல், முடிச்சு ஆகியவற்றுக்கு மட்டும் வீடியோ வையுங்கள், அதுவும் அரை நிமிடத் துண்டாக, பேச்சில்லாமல்.

மூடுல் கைப்பேசிச் செயலியில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். வினாடி வினாவையும் இணைப்பில்லாமல் செய்ய அனுமதிக்கும் அமைப்பு உண்டு, அதை ஆசிரியர் தேர்வு அமைப்புகளில் இயக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடு வைத்தால் இணைப்பில்லாமல் ஓடாது, எனவே அதை எடுத்துவிடுங்கள். சிக்னல் உள்ள இடத்தில் வாரம் ஒருமுறை எல்லாப் போனிலும் இறக்கிவிட்டு, வீட்டில் செய்யச் சொல்லி, அடுத்த வாரம் பதில்கள் மேலேறியபின் பாருங்கள். திருத்தம் ஒரு வாரம் தாமதமாகும் என்பதால், ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கத்தைத் தாளில் எழுதி, மடித்து ஒட்டிக் கொடுங்கள். பிள்ளை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பிரித்துப் பார்க்கட்டும்.